கப்பலேறி வந்த புல்

மாணவர்களே, ஒரு நாட்டுக்குப் புதிதாக ஒரு புல் வந்தால் என்ன நேரும்? இங்கிலாந்தைப் பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஸ்பார்டினா ஆல்டெர்னிஃபுளோரா என்னும் அமெரிக்கச் சதுப்புநிலப் புல் சவுத்தாம்ப்டன் கடற்கரையில் வேரூன்றியது. கப்பல்கள் வழியே அது வந்ததாகக் கருதப்படுகிறது. அங்கிருந்த ஸ்பார்டினா மரிட்டிமா என்ற புல்லுடன் அது கலந்தது. அக்கலப்பினம் 1870-இல் சேகரிக்கப்பட்டது.

கலப்பினம் மலடாயிருந்தது. இனப்பெருக்கச் செல்கள் உருவாகும்போது குரோமோசோம்கள் இணை சேர வேண்டும். இதில் இணைகள் சரியாகப் பொருந்தவில்லை. பின்னர் குரோமோசோம்கள் இரட்டித்தன. ஒவ்வொன்றுக்கும் இணை கிடைத்தது. விதை தரும் புதிய இனமான ஸ்பார்டினா ஆங்லிகா பிறந்தது!

கரைச்சேற்றை நிலைநிறுத்த இதைப் பல நாடுகளில் நட்டார்கள். ஆனால், பறவைகள் இரைதேடும் சேற்றுவெளிகளை அது மூடிக்கொண்டது. புதிய புல்லை உடனே அடையாளங்கண்டு பதிவு செய்வது ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா?