நகர மன்றத்தை வீட்டிற்குக் கொண்டுவரும் 5 சதவீதம்

அமெரிக்காவின் பல ஊர்களில் நகர மன்றக் கூட்டமும் பள்ளி வாரியக் கூட்டமும் கேபிள் தொலைக்காட்சியில் முழுமையாக ஒளிபரப்பாகின்றன. பொதுமக்கள், கல்வி நிறுவனங்கள், உள்ளாட்சி ஆகிய முத்தரப்புக்கும் ஒதுக்கப்பட்ட இவ்வலைவரிசைகள் 'பெக்' என்று சுருக்கமாக அழைக்கப்படுகின்றன. இவற்றின் முதன்மையான நிதி ஆதாரம் பொது வரி அன்று. பொதுச் சாலைகளின் வழியே வடம் இழுத்துத் தொழில் நடத்தும் கேபிள் நிறுவனம், அவ்விடத்தைப் பயன்படுத்துவதற்காக ஊருக்குச் செலுத்தும் ஒருவகை வாடகையான உரிமக் கட்டணமே ஆகும்.

பெரிய நகரங்களின் கேபிள் நிறுவனங்கள் இத்தகைய அலைவரிசைகளை ஒதுக்க வேண்டும் என்று கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் 1972இல் விதித்தது. அவ்வாறு விதிக்கும் அதிகாரத்தை நாடாளுமன்றம் ஆணையத்திற்கு வழங்கவில்லை என்று கூறி, உச்ச நீதிமன்றம் 1979இல் அத்தகைய விதிகளை ரத்து செய்தது. அதன்பின் 1984ஆம் ஆண்டின் கேபிள் சட்டம், அலைவரிசைகளைக் கேட்டுப் பெறும் உரிமையை உரிமம் வழங்கும் உள்ளாட்சிகளுக்கே அளித்தது. ஆனால் உரிமக் கட்டணம், கேபிள் சேவையிலிருந்து கிடைக்கும் மொத்த வருவாயில் ஆண்டுக்கு 5 சதவீதத்தைத் தாண்டலாகாது என்ற வரம்பையும் வைத்தது. அக்கட்டணத்தை ஒளிபரப்புக்கே செலவிட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லாததால், அதைப் பொது நிதியில் சேர்த்துவிடும் ஊர்களும் உண்டு.

இச்சட்டத்தின் மற்றொரு கூறு, இந்நிலையங்களின் அன்றாட வாழ்வையே தீர்மானிக்கிறது. படக்கருவி, ஒளிப்பதிவுக் கூடம் போன்றவற்றிற்கான முதலீட்டுச் செலவை 5 சதவீத வரம்புக்கு வெளியே தனியாகக் கேட்டுப் பெறலாம். கூட்டத்தைப் படம்பிடிப்பவரின் ஊதியம், கட்டட வாடகை முதலிய நடப்புச் செலவுகளுக்கு அவ்வசதி இல்லை. கருவி வாங்கப் பணம் இருந்தும் அதை இயக்க ஆளில்லாத நிலைக்கு ஒரு நிலையம் தள்ளப்படுவதற்கு இப்பாகுபாடே வழிவகுக்கிறது. குடிமக்களின் அறியும் உரிமையைத் தாங்கும் ஓர் ஏற்பாட்டில் இதைவிடப் பெரிய குறை இருக்க முடியாது.

இந்நிதியின் அடித்தளமே இன்று சுருங்கி வருகிறது. கட்டணம் கேபிள் காணொளிச் சேவையின் வருவாயை மட்டுமே சார்ந்திருப்பதால், குடும்பங்கள் கேபிளை விட்டு இணையவழிப் படச் சேவைகளுக்கு மாறும்போது, அதே நிறுவனம் அதே வடத்தின் வழியே இணைய இணைப்பை விற்றாலும் ஊருக்குரிய தொகை குறைகிறது. இதற்கிடையே, பொதுக் கட்டடங்களுக்கான இலவச இணைப்பு போன்று பணமாக அல்லாமல் அளிக்கப்படும் பங்களிப்புகளையும் 5 சதவீதத்திற்குள் கணக்கிடலாம் என்று ஆணையம் 2019இல் அறிவித்தது. 2021இல் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அக்கணக்கை ஏற்றுக்கொண்டபோதிலும், சந்தை விலைப்படி அன்றி, நிறுவனத்திற்கு உண்மையில் ஏற்படும் கூடுதல் செலவின்படியே மதிப்பிட வேண்டும் என்று வரையறுத்தது.

சாலை ஊருக்குச் சொந்தமானது என்பதே இக்கட்டணத்தின் நியாயம் என்றால், வடத்தில் செல்வது தொலைக்காட்சியா இணையமா என்பதைப் பொறுத்து அந்நியாயம் மாறக் காரணமில்லை. மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டமன்றத்தில் முன்வைக்கப்பட்ட மசோதாக்கள் மேலும் ஒரு படி சென்று, இணையவழிப் படச் சேவைகளின் வருவாயிலிருந்தே சமூக ஊடக நிலையங்களுக்கு ஒரு பங்கு ஒதுக்கக் கோருகின்றன.