சீட்டு மாறிய புட்டி

கறவை மாடு வளர்க்கும் நம் அங்கத்தினர்களுக்கு ‘சினை ஊசி’ புதியதன்று. கால்நடை மருந்தகத்தில் திரவ நைட்ரஜன் நிறைந்த குடுவையிலிருந்து மெல்லிய குச்சி ஒன்றை எடுத்து, இளஞ்சூட்டு நீரில் உருக்கிப் பசுவுக்குச் செலுத்துகின்றனர். அக்குச்சியில் இருப்பது பொலிகாளையின் உறைவிந்து. உறைந்த பொருளில் உயிர் எவ்வாறு தங்குகிறது என்பதைப் பலர் கேட்டதுண்டு. அதனை இங்கே சுருக்கமாக விளக்குவோம்.

செயற்கை முறைக் கருவூட்டலைக் கூட்டுறவு முறையில் நடத்திக் காட்டியவர்கள் டென்மார்க் நாட்டு விவசாயிகள். 1936 ஆம் ஆண்டில் சாம்சோ என்னும் தீவில் அவர்கள் இதற்கென ஒரு சங்கம் அமைத்தனர். நல்ல காளையைத் தனியே வாங்கச் சக்தியற்ற சிறு விவசாயியும் அதன் பயனைப் பெற இயன்றது. நம் நாட்டில் 1939 ஆம் ஆண்டில் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் இம்முறை தொடங்கப்பெற்றது. எனினும் அந்நாளில் விந்தைச் சில நாட்களுக்கு மேல் கெடாமல் வைக்க இயலவில்லை. ஆகையால் தொலைவிலுள்ள கிராமங்களுக்கு அதன் பயன் எட்டவில்லை.

இத்தடையை நீக்கியவர்கள் லண்டன் மில் ஹில்லில் அந்நாளில் இயங்கிய தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த போல்ஜ், ஆட்ரி ஸ்மித், பார்க்ஸ் என்னும் மூவர். சேவலின் விந்தைச் சர்க்கரைக் கரைசலில் கலந்து உறைய வைத்துப் பார்த்தனர், அணுக்கள் மாண்டன. பின்னர் ஒரு சமயம், சேமித்து வைத்திருந்த புட்டியிலிருந்து எடுத்த கரைசலில் மட்டும் அவை உருகியபின் உயிருடன் அசைந்தன. புதிதாகத் தயாரித்த கரைசலிலோ மறுபடியும் தோல்வி! எஞ்சியிருந்த திரவத்தைச் சோதனைக்கு அனுப்பினர். அதில் சர்க்கரையே இல்லை. கிளிசரினும் அல்புமின் என்னும் புரதமும் நீருமே இருந்தன. சீட்டுகள் மாறிப்போயிருந்தன. இவ்வுண்மை 1949 ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்றது.

கிளிசரின் செய்யும் உதவி யாது? நீர் உறையும்போது பனிக்கட்டியாக மாறுவது தூய நீர் மட்டுமே. உப்பு முழுவதும் எஞ்சிய சிறிதளவு நீரில் செறிந்து அணுவின் மென்தோலைக் கெடுக்கிறது. கிளிசரின் அணுவினுள் புகுந்து, பனிக்கட்டி உண்டாவதைக் குறைத்து, உப்புச் செறிவையும் தணிக்கிறது. அதன்பின் மைனஸ் 196 டிகிரி குளிருள்ள திரவ நைட்ரஜனில் வைத்தால், அணுவின் மாறுதல்கள் யாவும் ஏறக்குறைய நின்றுவிடுகின்றன. உறைய வைக்கும்போதும் உருக்கும்போதும் ஒரு பகுதி அணுக்கள் இறப்பதுண்டு; எஞ்சியவை கருவூட்டப் போதுமானவை.

1951 ஆம் ஆண்டில் உறைவிந்தின் மூலம் இங்கிலாந்தில் ஒரு கன்று பிறந்தது. 1953 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவாவில் பங்கி, ஷெர்மன் என்னும் இருவர், இம்முறையால் பெண்கள் கருவுற்றதை அறிவித்தனர். மாட்டுக்கென வளர்ந்த கலை மனிதனுக்கும் பயன்பட்டது.

இங்கே அங்கத்தினர்கள் கருத்தில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. புற்றுநோய்க்கு அளிக்கும் சில மருந்துகளும் கதிர்வீச்சும் ஆணின் விந்தணு உற்பத்தியைச் சில வேளை நிரந்தரமாகவே நிறுத்திவிடக் கூடும். சிகிச்சை தொடங்குமுன் விந்தைச் சேமித்து வைத்தால், நோய் தீர்ந்தபின் தந்தையாகும் வாய்ப்பு மிஞ்சும். வீட்டிலுள்ள இளைஞன் வெட்கத்தினால் இதைக் கேட்கமாட்டான். பெரியவர்களும் உயிர் பிழைத்தால் போதும் என்று வாளாவிருப்பர். சிகிச்சை தொடங்கியபின் கேட்பது காலங்கடந்த கேள்வியாகிவிடும். முதல் நாளிலேயே மருத்துவரிடம் வினவுதல் வேண்டும். இத்தகைய வங்கிகள் பதிவு பெற்றே இயங்க வேண்டுமென 2021 ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. பதிவை விசாரித்தறிவதும் நம் பொறுப்பு.

சங்கங்களில் இருப்பைச் சரிபார்க்கும் எமக்கு அந்தப் புட்டியின் கதை ஒரு பாடம். சீட்டு மாறியது பிழை. அதனை மறைக்காமல், எஞ்சிய திரவத்தை ஆராய்ந்தமையால் அதுவே உலகுக்கு நன்மையாயிற்று. அதற்காகச் சீட்டுகள் மாறலாம் என்பதில்லை. விந்துக் குச்சியின் மீது காளையின் எண் அச்சிடப்பட்டிருக்கும். அடுத்த முறை சினை ஊசி போடும்போது அதனைக் கேட்டுக் குறித்து வையுங்கள். பிறக்கும் கன்றின் தந்தை வழியை அறிய அந்த எண்ணே ஆதாரம்.