பாறை அனுப்பும் அழையா விருந்தாளி

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்தில், 1984-ஆம் வருஷம் ஓர் அணுமின் நிலையத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் மாதம் ஒரு நாள், ஸ்டான்லி வாட்ராஸ் என்ற என்ஜினீயர் உள்ளே நுழைந்ததுமே கதிரியக்கத்தைக் காட்டும் கருவி அலறியது. நிலையமோ இன்னும் மின் உற்பத்தியைத் தொடங்கவே இல்லை! பரிசோதித்ததில், கதிரியக்கம் அவர் வீட்டிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்ததென்று தெரிந்தது. வீட்டுக்கு அடியிலிருந்த மண்ணும் பாறையுமே காரணம்.

பென்சில்வேனியா எங்கே, நம் சேலம் எங்கே என்கிறீர்களா? சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் என்று எங்கே திரும்பினாலும் நமக்கும் பாறைதானே! கிரானைட் போன்ற பாறைகளில் யுரேனியம் துளித் துளி கலந்திருக்கிறது. அது மெல்ல மெல்லச் சிதைந்து ரேடியமாகிறது. ரேடியத்திலிருந்து ரேடான் என்னும் வாயு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தரை விரிசலிலும் குழாய் நுழையும் சந்திலும் புகுந்து வீட்டுக்குள் வந்துவிடும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரோடும் கொஞ்சம் வரும்.

ரேடான் சிதையும்போது உண்டாகும் நுண்துகள்கள் மூச்சோடு போய் நுரையீரலில் படிந்து கதிர் வீசுகின்றன. வருஷக்கணக்கில் இப்படி நடந்தால் புற்றுநோய் வரலாம். ஒரு கன மீட்டர் காற்றில் 100 பெக்கரலுக்கு மேல் ரேடான் இல்லாதிருப்பது நல்லது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2009-இல் கூறியது. உலக வீடுகளின் சராசரி சுமார் 40தான். ஆகவே பீதி வேண்டாம். சமையல் மேடையில் பதித்த கிரானைட் பலகையைப் பெயர்க்கவும் வேண்டாம். அதிலிருந்து வருவது சொற்பம்.

முற்றமும் எதிரெதிர் ஜன்னல்களும் வைத்துக் கட்டிய பழைய வீடுகளில் இந்த விருந்தாளி வெகுநேரம் தங்க முடியாது. ஏ.சி.க்காகக் கதவு ஜன்னல்களை இறுக்கிச் சாத்திய கீழ்த்தள அறைதான் அதற்குப் பிடித்த இடம். காலையும் மாலையும் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். தரை விரிசல்களை சிமெண்டால் அடையுங்கள். சந்தேகமிருந்தால், சில மாதங்கள் அறையில் தொங்கவிட்டு அளக்கும் சிறு பிலிம் கருவிகள் இருக்கின்றன.

இன்னொரு முக்கியமான விஷயம். ரேடானால் நுரையீரல் புற்றுநோய் வரும் அபாயம், புகை பிடிக்காதவரைவிடப் பிடிப்பவருக்குச் சுமார் 25 மடங்கு அதிகம். ரேடான் கண்ணுக்குத் தெரியாது, சிகரெட் தெரியுமே! வீட்டுக்காரர் அடுத்த முறை தீப்பெட்டியைத் தேடும்போது, இந்தப் பக்கத்தை எடுத்து நீட்டுங்கள்.