‘ஆமா’ என்றால் அம்மா!

நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் வீடிழந்த ஒரு குடும்பத்துச் சிறுமியின் படிப்புக்கு, தொண்டு நிறுவனம் ஒன்றின் மூலம் மாதாமாதம் பணம் அனுப்பி வந்தோம். எல்லாம் வீட்டுச் செலவில் நான் மிச்சம் பிடித்த பணம்தான். 2019 டிசம்பரில் அவளை முதன்முதலாகப் பார்க்க, சிங்கப்பூரிலிருந்து நானும் கணவரும் காட்மாண்டு போய், அங்கிருந்து ஜீப்பில் நுவாகோட் மாவட்டம் சென்றோம். முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்ததால், நிறுவன ஊழியர் ஒருவரும் துணைக்கு வந்தார்.

ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்ற ஆசையோடு போனேன். 9 வயதுப் பிள்ளை, என்னைக் கண்டதும் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டு, “ஆமா... ஆமா...” என்றாள். நம்ம ஊர் ‘ஆமா’ இல்லீங்க. நேபாளியில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்! கொண்டு போன ஸ்வெட்டரைத் தாயிடமே கொடுத்தேன். அவர் போட்டுவிட்ட பிறகுதான், என்னைப் பார்த்துச் சிரிச்சா. அந்தச் சிரிப்பு போதும் எனக்கு.

சகோதரிகளே, பணம் நாம் அனுப்பினாலும் பெற்றவள் அங்கே இருக்கிறாள். “நான்தான் படிக்க வைக்கிறேன்” என்று குழந்தையிடம் சொல்லிக் காட்டாதீங்க. பரிசு எதுவானாலும் தாய் கையால் கொடுக்க வையுங்க. கூடப் பிறந்தவர்களுக்கும் சேர்த்தே வாங்கிட்டுப் போங்க.

- ஒரு வாசகி, சிங்கப்பூர்.