இலங்கை வானொலியும் செவிவழி உறவும்

கேள்வியின் சிறப்பை உணர்த்துதற்கு வள்ளுவப் பெருந்தகையார் தனி அதிகாரமே வகுத்தனர். அக்காலத்தில் நல்லுரை கேட்க விரும்பியோர் சொல்வாரைத் தேடிச் சென்றனர். இக்காலத்தில் சொல்வார் குரலை வீடுதோறும் கொண்டு சேர்த்தது வானொலி. அவ்வாறு வந்தவற்றுள் தமிழர் நெஞ்சில் நெடிது நிலைத்தவை இலங்கை வானொலியின் குரல்களாகும். அதன் காரணங்களை ஈண்டு ஆராய்வோம்.

கொழும்பிலே 1925 ஆம் ஆண்டு டிசம்பர் 16 ஆம் நாள் முறையான ஒலிபரப்புத் தொடங்கிற்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நேசநாட்டுப் படையினர்க்கென அங்கு நிறுவப்பெற்ற ஆற்றல்மிக்க நிலையம், போரின் பின் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950 இல் வர்த்தக ஒலிபரப்புப் பிறந்தது. 1952 அளவில் இந்திய வானொலி சாத்திரிய சங்கீதத்துக்கு முதன்மை தந்து, திரைப்படப் பாடல்களை ஒடுக்கியது. பாட்டில் வேட்கைகொண்ட இந்திய நேயர் கொழும்பின்பால் திரும்பினர். 1957 இல் 'விவித பாரதி' தோன்றியது இதற்கு விடையாகவே எனலாம்.

கொழும்பின் ஒலி கடல்கடந்து சென்றது எவ்வாறு? சிற்றலைகள் வானின் மேலடுக்கிலுள்ள மின்னேற்றப் படலத்திற் பட்டுத் திரும்பித் தொலைதூரத்தை அடைகின்றன. மத்திய அலைகளோ பகலிலே தரையைத் தழுவிச் செல்வன. உவர்நீர் மின்சாரத்தை நன்கு கடத்துமாதலின், கடல்மீது செல்லும் அவ்வலைகள் எளிதில் நலிவதில்லை. ஆகவே பாக்கு நீரிணை தடையாகாது வழியாயிற்று.

நிற்க. அலை வீட்டு வாயில் வரையே வரும். உள்ளத்துட் புகுவது குரலே. வர்த்தக ஒலிபரப்பின் தொடக்க காலத்தில் எஸ். பி. மயில்வாகனன் தம் இனிய பேச்சால் இருகரைத் தமிழரையும் கவர்ந்தார். இலண்டன் பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்புக்குத் 'தமிழோசை' எனப் பெயரிட்டவராகிய சோ. சிவபாதசுந்தரம், 'ஒலிபரப்புக் கலை' என்னும் நூலை எழுதி, இத்தொழிலுக்கு இலக்கணம் கண்டார். பின்வந்தோருள் இராஜேஸ்வரி சண்முகத்தின் குரலிலே கனிவு மிகுந்தது; கே. எஸ். ராஜாவின் குரலிலே விரைவும் துடிப்பும் விளங்கின, பி. எச். அப்துல் ஹமீதின் குரலிலே லகர, ளகர, ழகரங்கள் தத்தம் வடிவோடு நின்றன. இம்மூவரின் நடையும் வேறு, பண்பு ஒன்றே. பல்லாயிரவர் கேட்பினும், திண்ணையில் இருக்கும் ஒருவரோடு உரையாடுவதுபோல் அவர்கள் பேசினர்.

இதன் பயனைக் கீழைக்கரையில் நன்கு காணலாம். வயல்சூழ்ந்த சொறிக்கல்முனை கத்தோலிக்கத் திருத்தலம் அமைந்த ஊர். அயலிலே இந்துக்களின் ஊர்கள். கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் முஸ்லிம் மக்கள் செறிந்து வாழ்கின்றனர். மின்சாரம் எட்டாத இல்லங்களிலும் பற்றரியால் இயங்கிய ரான்சிஸ்டர் பேசிற்று. 'பொங்கும் பூம்புனல்' காலையை அறிவித்தது. பிறந்தநாள் வாழ்த்திலோ நேயர் விருப்பத்திலோ ஊர்ப்பெயர் ஒலித்துவிடின், அது அவ்வூர் முழுவதற்கும் பெருமையாயிற்று. அறிவிப்பாளர் எம்மதத்தினர், எவ்வூரினர் என எவரும் வினவவில்லை. கொழும்பு முஸ்லிம் ஒருவரின் தமிழைக் கேட்டு இந்து மாணவர் தம் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டமை சிறிய செய்தியன்று.

எனினும், குரலால் இயலாதனவும் உள. போர் மூண்ட ஆண்டுகளில் அயலூரார் ஒருவரையொருவர் அஞ்சி விலகியதை வானொலி தடுத்திலது. மக்கள் போற்றிய கே. எஸ். ராஜாவே 1994 இல் கொழும்பிற் கொலையுண்டார். 2012 இல் இராஜேஸ்வரி சண்முகம் மறைந்தார். 1941 இல் தொடங்கிய பி.பி.சி.யின் தமிழ் வானொலியும் 2017 இல் ஓய்ந்தது.

இன்று அலைவரிசைகள் பல. கைப்பேசியில் ஒவ்வொருவரும் தனித்தே கேட்கின்றனர். தெரிவு பெருகியது நன்றே. ஆயினும் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் அடுத்தடுத்து நிற்கும் இக்கரையில், யாவரும் தமதெனக் கருதிய ஒரு குரல் இருந்தது என்பதை இளையோர் அறிதல் வேண்டும். முகம் அறியாமலே ஒருவர் சொல்லை மதித்துக் கேட்ட அப்பழக்கம், முகம் அறிந்த அயலாரிடத்தும் செல்லுமாயின், வானொலி கற்பித்த பாடம் வீண்போகாது.