ஒரே நாளில் 6 தரையிறக்கம்: ஏடிஆர் பைலட் வேலைக்குப் போகலாமா?

சேலத்துக்கோ தூத்துக்குடிக்கோ விமானத்தில் போயிருந்தால், இறக்கைக்குக் கீழே புரொப்பல்லர் சுற்றும் அந்தச் சின்ன விமானத்தைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் ஏடிஆர் 72. அதிகபட்சம் 78 சீட். 'பைலட் வேலைனா லட்சங்களில் சம்பளம், வெளிநாட்டு ஹோட்டல்' என்ற பிம்பத்துக்கும், இந்த விமானத்தின் காக்பிட்டில் இருப்பவரின் வாழ்க்கைக்கும் நிறைய தூரம். ஐடி வேலையை விட்டுவிட்டுப் பறக்கப் போகலாமா என்று யோசிப்பவரா நீங்கள்? அப்படியென்றால் இந்தக் கணக்குகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உள்ளே நுழைய என்ன வேண்டும்?

பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம் படித்திருக்க வேண்டும். 18 வயது ஆகியிருக்க வேண்டும். டிஜிசிஏ நடத்தும் எழுத்துத் தேர்வுகள், கிளாஸ் 1 மருத்துவப் பரிசோதனை, 200 மணி நேரம் பறந்த அனுபவம். இவை இருந்தால் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் கிடைக்கும். செலவு பொதுவாக அரை கோடி ரூபாயைத் தொடும்.

அதோடு முடிந்ததா? இல்லை. ஏடிஆர் ஓட்ட ஏடிஆருக்கென்று தனி 'டைப் ரேட்டிங்' வேண்டும். நாளைக்கே ஏர்பஸ்ஸுக்கு மாற நினைத்தால், அதற்கு இன்னொரு டைப் ரேட்டிங்.

2022-ல் 1,165 பேருக்கு இந்த லைசென்ஸை வழங்கிய டிஜிசிஏ, 2023-ல் 1,622 பேருக்கு வழங்கியது. ஒரே ஆண்டில் 39% அதிகம். கையில் லைசென்ஸ் இருந்தாலும், முதல் வேலைக்கான வரிசை நீண்டுகொண்டேதான் போகிறது.

வாரத்துக்கு 20 மணி நேரம்கூட இல்லையா?

விதிப்படி ஒரு பைலட் ஆண்டுக்கு 1,000 மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது. 52 வாரங்களுக்குப் பிரித்தால் வாரத்துக்கு 19 மணி நேரம் சொச்சம். 'அட, இவ்வளவுதானா!'னு தோணும். ஆனால் இது பறக்கும் நேரம் மட்டும்தான்.

ஒரு உதாரணம் பார்ப்போம். தலா ஒரு மணி நேரத்தில் முடியும் 6 பயணங்கள் உங்கள் ரோஸ்டரில் இருக்கின்றன. பறக்கும் நேரம் 6 மணி. முதல் விமானத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே ஆஜராக வேண்டும். நடுவில் 5 இடைவெளிகள், தலா அரை மணி நேரம். கடைசியில் பேப்பர் வேலைக்கு அரை மணி. மொத்தம் 10 மணி நேரம் டியூட்டி. கணக்கில் ஏறுவதோ 6 மணி நேரம்தான். சம்பளத்தில் ஒரு பகுதி பறந்த மணி நேரத்தைப் பொறுத்தது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

டெல்லியிலிருந்து லண்டன் போகும் பைலட் ஒரு பயணத்தில் ஒருமுறைதான் தரையிறங்குவார். நீங்கள் 6 முறை. அதிகக் கவனம் தேவைப்படுவது புறப்படும்போதும் இறங்கும்போதும்தான். ஏடிஆர் அதிகபட்சம் 25,000 அடி உயரம் வரைதான் போகும். அதனால் பெரிய ஜெட்கள் மேலே தாண்டிப் போகும் மேகங்களை இது பெரும்பாலும் சுற்றித்தான் போக வேண்டும். அதில் ஆட்டோ-த்ராட்டிலும் கிடையாது. லட்சத்தீவின் அகத்தியில் ஓடுபாதை சுமார் 1,200 மீட்டர்தான். இரண்டு முனையிலும் கடல்.

ஓய்வு விதி ஏன் சர்ச்சையானது?

களைப்பைக் குறைக்கத்தான் 2025-ல் புதிய விதிகள் வந்தன. வார ஓய்வு 36-லிருந்து 48 மணி நேரமானது. நள்ளிரவு 12 முதல் காலை 6 மணி வரையிலான நேரம் 'இரவு' என்று வரையறுக்கப்பட்டது. இரவுப் பணியில் 6 தரையிறக்கங்கள் வரை இருந்த வரம்பு 2 ஆனது. நவம்பர் 1 முதல் இவை முழுமையாக அமலுக்கு வந்தன. போதிய பைலட்டுகள் இல்லாமல் டிசம்பரில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ததும், அதற்குத் தற்காலிக விலக்கு கொடுக்கப்பட்டதும் நினைவிருக்கும். ஏர்போர்ட்டில் நீங்கள் காத்திருந்த கோபம் நியாயம்தான். அந்த விதி இல்லாதிருந்தால் உங்கள் விமானத்தை ஓட்டுபவர் அரைத் தூக்கத்தில் இருந்திருக்கலாம் என்பதும் நியாயம்தான்.

கம்பெனி நிலைக்குமா?

பெரிய ரிஸ்க் இங்கேதான். உடான் திட்டத்தில் அரசு கொடுக்கும் மானியம் ஒரு வழித்தடத்துக்கு 3 ஆண்டுகள்தான். சிஏஜி 2023-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, உடான்-3 வரை ஒதுக்கப்பட்ட 774 வழித்தடங்களில் 371-ல்தான் விமானம் பறக்கத் தொடங்கியது. 3 ஆண்டுகளை முழுதாக முடித்தவை 112. அதற்குப் பிறகும் 2023 மார்ச் நிலவரப்படி தாக்குப்பிடித்தவை வெறும் 54.

கோவையிலிருந்து 2016-ல் தொடங்கிய ஏர் கார்னிவல் அடுத்த ஆண்டே நின்றுபோனது. ஹைதராபாத்தின் ட்ரூஜெட் 2022-ல் நின்றது. கம்பெனி நின்றாலும் படிப்புக் கடனின் இஎம்ஐ நிற்காது.

நல்ல ஆஃபர் வந்தால் உடனே தாவவும் முடியாது. 2017 விதிப்படி கோ-பைலட்டுக்கு 6 மாதம், கேப்டனுக்கு ஓராண்டு நோட்டீஸ் பீரியட். ஐடியில் 90 நாளுக்கே நாம் புலம்புகிறோம்!

அப்போ லாபமே இல்லையா?

இருக்கிறது. கேப்டன் ஆவதற்கான அடுத்த லைசென்ஸுக்கு 1,500 மணி நேர அனுபவம் தேவை. ஆண்டுக்கு 700 மணி நேரம் பறந்தால், 200-லிருந்து 1,500-க்கு வர சுமார் 2 ஆண்டுகள். அதன் பிறகும் கம்பெனியின் தேவை, தேர்வு எல்லாம் உண்டு. ஆனால் ஆறு தரையிறக்க நாட்கள் தரும் கைப்பழக்கம் நீண்டதூர விமானத்தில் அவ்வளவு சீக்கிரம் கிடைக்காது. பெரும்பாலான இரவுகள் சொந்த ஊர் நேரத்திலேயே தூங்கலாம்.

முடிவு எடுக்கும் முன் மூன்று விஷயங்கள். ஃபீஸ் கட்டுவதற்கு முன்பே மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். கிளாஸ் 2, பிறகு கிளாஸ் 1. வேலையே கிடைக்காமல் இரண்டு ஆண்டுகள் போனால் கடனை எப்படிக் கட்டுவது என்று இப்போதே எழுதிப் பாருங்கள். ஆஃபர் லெட்டரில் டைப் ரேட்டிங் பாண்ட் எத்தனை ஆண்டுகள், எவ்வளவு தொகை என்று கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.