கேட்காத ஏழையைக் கணினி கண்டுபிடிக்குமா?

ரமழான் நெருங்கும்போது ஜகாத் பட்டியல் எழுத உட்காரும் ஜமாஅத் நிர்வாகிகளைக் கேட்டுப் பாருங்கள். பணம் திரட்டுவதைவிட உரியவரைக் கண்டறிவதே சிரமம் என்பார்கள். கை நீட்டுபவரின் பெயர் முதலில் ஏறிவிடும்; கேட்கக் கூசும் விதவையின் பெயர் விடுபட்டுப் போகும். ஒரு நாடே இந்தச் சிக்கலில் மாட்டியபோது செயற்கை நுண்ணறிவு ஆய்வு எந்த அளவுக்குக் கைகொடுத்தது என்று பார்ப்போம்.

மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோவில் 2020-ல் கொரோனா கட்டுப்பாடுகளால் தினக்கூலிகளின் பிழைப்பு நின்றது. அரசு ஏப்ரலில் 'நோவிசி' என்ற உதவித் திட்டத்தைத் தொடங்கியது. சாதாரண கைபேசியில் பதிவு செய்தால் போதும், மொபைல் கணக்கிலேயே பணம் வந்துவிடும். தலைநகர் லோமேயில் வாக்காளர் பதிவேட்டில் இருந்த தொழில் விவரத்தை வைத்து ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். கிராமங்களில் யார் பரம ஏழை என்று சொல்லும் பதிவேடு எதுவும் இல்லை.

கிவ்டைரக்ட்லி தொண்டு நிறுவனமும் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அரசுடன் இணைந்தார்கள். செயற்கைக்கோள் படங்களின் உதவியால் மிக வறிய 100 பகுதிகள் அடையாளம் காணப்பட்டன. அடுத்து, ஏறத்தாழ 10,000 பேரிடம் தொலைபேசி வழியே வீட்டு நிலவரம் கேட்கப்பட்டது. அவர்களுடைய கைபேசிப் பயன்பாட்டுக்கும் வறுமைக்கும் உள்ள தொடர்பைக் கணினி கற்றுக்கொண்டது. எத்தனை அழைப்பு, எவ்வளவு டேட்டா, எவ்வளவு பணப் பரிமாற்றம் என்பவைதான் கணக்கு. பேச்சை யாரும் ஒட்டுக்கேட்கவில்லை. நாளொன்றுக்கு 1.25 டாலருக்கும் குறைவாகச் செலவழிப்பவர் என்று கணிக்கப்பட்டோருக்கு உதவி போனது. பெண்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே கொடுத்தார்கள். நல்ல ஏற்பாடு!

2022-ல் 'நேச்சர்' இதழில் முடிவுகள் வெளியாயின. பகுதியை மட்டும் பார்த்துக் கொடுக்கும் முறைகளோடு ஒப்பிட்டால், விடுபடும் ஏழைகள் 4 முதல் 21 சதவீதம் வரை குறைவு. ஆனால் முழுமையான குடும்பப் பதிவேடு ஒன்று இருந்திருந்தால் அதைவிட இம்முறையில் 9 முதல் 35 சதவீதம் அதிகமானோர் விடுபடுவார்கள் என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். பத்திரிகைகளில் வரும் புகழ்ச்சியில் பெரும்பாலும் காணாமல் போவது இந்த இரண்டாவது பாதிதான்.

கைபேசியே இல்லாத வீடு இந்தக் கணக்கில் எங்கே வரும்? வராது. டோகோவுக்கு அன்று வேறு வழியில்லை. நோய்ப்பரவலுக்கு நடுவே நாடு முழுக்க வீடு வீடாகப் போக முடியாது. நமக்கு அந்த நெருக்கடி இல்லை. ஒரு மஹல்லாவில் சில நூறு வீடுகள் இருக்கும். நாலு இளைஞர்களும், பெண்களிடம் பேசிக் கேட்க இரண்டு ஆலிமாக்களும் ஷஅபானிலேயே புறப்பட்டால் ரமழான் பிறைக்குள் முடித்துவிடலாம். விவரங்களைத் தொகுக்கவும் ஒரே பெயர் இருமுறை வராமல் பார்க்கவும் கணினி இருக்கவே இருக்கிறது.